இரண்டு மதிப்பெண் கேள்வியைத் தேடி அலெட்ச் காட்டுக்கு

முதல் நாள், வியாழன் இரவு. ரீடரால்ப், சுவிட்சர்லாந்து

காலை ரயில் சூரிக்கை விட்டுக் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மாப்பிள்ளை மெதுவாக ஆரம்பித்தார்.

"அத்தை, நாம தேடிப் போறோமே, அந்தச் செடி எவ்வளவு பெருசு இருக்கும்?"

"உள்ளங்கை அகலம் இருந்தா அதிசயம். அப்புறம், அது செடி இல்ல மாப்பிள்ளை."

"மரமா?"

"மரமும் இல்ல. காளான் பாதி, பாசி பாதி. லைக்கன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று நாள் விடுப்பு எடுத்துவிட்ட மனிதர். மகள்தான் என்னோடு வருவதாக இருந்தது. அவளுக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு மறுத்துவிட்டார்கள். அறைக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. ஆகவே மாமியாரும் மருமகனும் ஆல்ப்ஸ் மலையில் ஏறுகிறோம். இரண்டு வீட்டிலும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் 31 வருடம் தாவரவியல் நடத்தினேன். "லைக்கன் என்றால் என்ன?" இரண்டு மதிப்பெண் கேள்வி. விடை எனக்குத் தூக்கத்திலும் வரும்: பாசி உணவு தயாரிக்கிறது, பூஞ்சை உறைவிடமும் நீரும் தருகிறது, இரண்டும் பயனடைகின்றன, இது கூட்டுயிர் வாழ்க்கை. பாசிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று. எத்தனை ஆயிரம் விடைத்தாளில் சிவப்பு மையால் சரி போட்டிருப்பேன்! மாதிரி காட்டச் சொன்னால் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து கல்பாசியை எடுத்துப் போவேன். கறிக்குழம்பில் போடுகிறோமே, அதேதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மரப்பட்டையிலும் பாறையிலும் உரித்தெடுத்துக் காயவைத்து வருவது. கல்பாசி லைக்கன் என்றதும் பிள்ளைகள் முகம் மலரும். மணி அடிக்கும். அடுத்த பாடம்.

ஓய்வு பெற்றபின் படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் ஓநாய் லைக்கன் கண்ணில் பட்டது. அறிவியல் பெயர் லெத்தாரியா வல்பினா. லின்னேயஸ் 1753-ல் பெயர் வைத்தபோது நரியை நினைத்து 'வல்பினஸ்' என்றார். ஜெர்மன்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் ஓநாய்ப் பெயரால் கூப்பிடுகிறார்கள். இரண்டு பெயருக்கும் காரணம் ஒன்றுதான். இதை வைத்து நரியையும் ஓநாயையும் கொன்றார்கள். ஆல்ப்ஸில் எல்லா இடத்திலும் கிடைக்காது. மலைகளுக்கு நடுவே மழை மறைவில் இருக்கும் வறண்ட பள்ளத்தாக்குகளில், வயதான லார்ச் மரத்திலும் ஆர்வெ மரத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். மகளைப் பார்க்க சூரிக் வரப்போகிறோம் என்றதும் எல்லோரும் டிட்லிஸ் மலைக்குப் போ, சாக்லேட் வாங்கு என்றார்கள். நான் வரைபடத்தில் வாலிஸ் மாநிலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மலைக்குள் போகும் ரயில் பாதை ஒரு சுகம். லோட்ச்பெர்க் சுரங்கம் 2007-ல் திறந்தது, 34.6 கிலோமீட்டர். ஒரு கால் மணி நேரம் இருட்டு. வெளியே வந்தால் வேறு நாடு மாதிரி வெயில். இந்தப் பக்கம் புல் பச்சை இல்லை, வெளுத்துக் கிடக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் 4000 மீட்டர் மலைகள் மழையைத் தடுத்துக்கொள்வதால் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மழை குறைவு. பனிமலைக்கு நடுவே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சுகிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? பாறையைக் குடைந்தும் மரத்தொட்டி மாட்டியும் பனியாற்று நீரைக் கொண்டுவரும் வாய்க்கால்கள், பல நூற்றாண்டுப் பழக்கம். இங்கே அதற்கு 'சுவோனெ' என்று பெயர்.

பிரிக்கில் சிவப்பு நிறக் குட்டி ரயில், மோரெலில் கேபிள் கார். 759 மீட்டரிலிருந்து 1925 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போய் விட்டது. காது இரண்டு முறை அடைத்தது. ரீடரால்பில் கார் கிடையாது. சாமானை மாப்பிள்ளையே இழுத்தார். "இதுல என்ன அத்தை இவ்வளவு கனம்?" என்றார். அரிசி, இட்லிப்பொடி, ஊறுகாய், சின்ன அஞ்சறைப் பெட்டி. நான் பதில் சொல்லவில்லை.

நாளைக்கு மழையாம்.

இரண்டாம் நாள், வெள்ளி. மழை, பிறகு மூடுபனி, பிறகும் மழை

மாப்பிள்ளை செல்பேசியைக் காட்டி "நாள் முழுக்க அத்தை, அறையிலேயே இருந்துடலாம்" என்றார். நான் மழைக்கோட்டை மாட்டினேன். லைக்கன் பார்க்க மழை நாளைவிட நல்ல நாள் இல்லை. வெயிலில் காய்ந்து அப்பளமாகக் கிடப்பவை ஈரம் பட்டுச் சில நிமிடங்களில் உயிர்க்கும், நிறம் கூடும். வேர் இல்லை, தண்ணீரைச் சேர்த்துவைக்க வழி இல்லை. வந்தால் குடிக்கும், வராவிட்டால் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும்.

ரீடர்ஃபுர்கா கணவாய்க்கு அரை மணி நேர ஏற்றம், 2065 மீட்டர். எனக்கு முக்கால் மணி. அங்கே, இந்த உயரத்தில் எதிர்பார்க்கவே முடியாத ஒரு மாளிகை நிற்கிறது: வில்லா காசெல். எர்னஸ்ட் காசெல் என்ற பிரிட்டிஷ் வங்கிப் பெரும்புள்ளி 1902-ல் கட்டி முடித்த கோடை வீடு. இளைஞர் வின்ஸ்டன் சர்ச்சில் இங்கே விருந்தாளியாகத் தங்கி எழுதிக்கொண்டிருந்தபோது மாட்டு மணிச் சத்தம் தொல்லையாக இருந்ததாம். மாடுகளின் மணிக்குள் வைக்கோலை அடைக்கச் சொல்லி காசெல் பணம் கொடுத்தார் என்று ஒரு கதை. நம்பலாம் போலத்தான் இருக்கிறது. 1976 முதல் அந்த வீடு ப்ரோ நாட்டூரா என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் மையம்.

மாளிகைக்குப் பின்னால் காடு கீழே இறங்குகிறது. காட்டுக்குக் கீழே அலெட்ச் பனியாறு, ஆல்ப்ஸின் மிகப் பெரியது, ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதாவது, இருக்க வேண்டும். இன்று நான் பார்த்தது வெள்ளை மூடுபனி மட்டும்.

காடு மட்டும் அருகில் தெரிந்தது. அலெட்ச் காட்டில் 1933 வரை மரம் வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள். அந்த வருடம் பாதுகாப்புக்குள் வந்தபின் கோடரி உள்ளே நுழையவில்லை. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆர்வெ மரங்கள் பைன் குடும்பம், ஊசியிலை ஐந்து ஐந்தாகக் கொத்தாக இருக்கும். சிலவற்றுக்கு ஐந்நூறு வயதுக்கு மேல். நிமிர்ந்து வளர்ந்தது ஒன்றுகூட இல்லை. இடி தாக்கி உச்சி போனது, பனி முறித்துக் கிளை போனது, ஒரு பக்கம் பட்டுப்போய் மறுபக்கம் மட்டும் பச்சையாக நிற்பது. ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் மாதிரி ஆளுக்கொரு ஊனத்தோடு நிற்கின்றன. கீழே புளூபெர்ரிப் புதர் முழுக்கச் சிவந்துவிட்டது.

இந்த மரங்களை நட்டது ஒரு பறவை. காக்கைக் குடும்பம், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, குரல் கதவுக் கீல் மாதிரி. ஆர்வெ விதைக்கு இறக்கை கிடையாது, காற்றில் போகாது. இந்தப் பறவை குளிர்காலத்துக்காக ஒரு பருவத்தில் லட்சம் விதைவரை மண்ணுக்குள் ஒளித்துவைக்கும், ஒரு மீட்டர் பனிக்கு அடியிலும் ஐந்தில் நான்கைத் திரும்பக் கண்டுபிடிக்கும் என்கிறார்கள். மறந்துபோன ஐந்தாவது பங்குதான் காடு. நான் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுவதைப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பகல் பதினொன்றரைக்கு ஒரு லார்ச் மரத்தின் அடியில், தரையோடு ஒட்டி, பளீரென்று மஞ்சள். "மாப்பிள்ளை!" என்று கத்திவிட்டேன். சேறு என்றும் பாராமல் முட்டி போட்டேன். லென்ஸை எடுத்தேன். 1989-ல் காரைக்குடியில் நகை ஆசாரிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது, பத்து மடங்கு காட்டும். பார்த்ததும் மனசு இறங்கிவிட்டது. சின்னச் சின்ன இலை மாதிரி மடல்கள், ஓரமெல்லாம் மஞ்சள் பொடி. ஓநாய் லைக்கன் இலையாக இருக்காது, புதராக இருக்கும். இது வல்பிசிடா பினாஸ்ட்ரி, குளிரில் பனி மூடும் உயரத்துக்குள் அடிமரத்தில் வளர்வது. பெயருக்கு 'நரிக்கொல்லி' என்று அர்த்தம், அதே விஷ மஞ்சள் இதிலும் உண்டு. உறவுக்காரர் வீட்டுக்குப் போய் விலாசம் தப்பி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிய கதை.

பிற்பகல் பழைய மொரைன் மேட்டில் நடந்தோம். பனியாறு தள்ளிக் குவித்த கல் வரப்பு அது. 1850-களில் பனி இந்த உயரம்வரை நிரம்பியிருந்தது. வரப்புக்கு மேலே கிழட்டு ஆர்வெக் காடு, வரப்புக்குக் கீழே பிற்பாடு முளைத்த இளம் லார்ச்சும் பிர்ச்சும். நடுவில் கோடு கிழித்த மாதிரி. அங்குள்ள கற்களில் வரைபட லைக்கன்: மஞ்சள் பச்சைத் திட்டு, கறுப்பு எல்லைக்கோடு, உலகப் படமே ஒட்டிவைத்தது போல. ரைசோகார்பன் ஜியோகிராஃபிகம். இது அரிதில்லை, எங்கும் உண்டு. ஆனால் ஒரு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட அகலாது. ரோலண்ட் பெஷெல் என்ற ஆஸ்திரியர் 1950-ல் இதையே கடிகாரமாக்கினார். கல்லறைக் கல் போல வருடம் தெரிந்த கற்களில் திட்டு எவ்வளவு அகலம் என்று அளந்துகொண்டால், மொரைன் கல்லில் இருக்கும் மிகப் பெரிய திட்டைப் பார்த்து, பனி அந்த இடத்தை விட்டு எப்போது போனது என்று கணக்குப் போடலாம். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. இதே லைக்கனை 2005-ல் விண்கலத்தின் வெளிப்புறத்தில் வைத்து இரண்டு வாரம் விண்வெளியில் காயவிட்டார்கள். திரும்பி வந்து நனைத்ததும் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிட்டது.

மாப்பிள்ளை ஒரு திட்டின் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துப் படம் எடுத்தார். "அத்தை, இது எங்க தாத்தா பிறந்தப்ப இருந்திருக்குமா?" "அவங்க தாத்தா பிறந்தப்பவே இருந்திருக்கும்." அதற்குப் பிறகு அவர் கல்லை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார். முதல் முறையாக அவரை எனக்கு மாணவனாகப் பிடித்தது.

இரவு சாப்பாடு ஒரு சின்ன விடுதி உணவகத்தில். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டிருக்க வேண்டும். வெள்ளை ஏப்ரனோடு ஒருவர் வந்து நின்றார்.

"நீங்கள் இந்தியாவோ, அக்கா? எந்த இடம்?"

வடமராட்சிக்காரர். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மலையில் கோடைக்கும் குளிருக்கும் சமையல் வேலை. என்ன பார்க்க வந்தோம் என்று கேட்டார். மாப்பிள்ளை சங்கடமாக என்னைப் பார்த்தார். நான் செல்பேசியில் படத்தைக் காட்டினேன்.

"இதோ? நான் கண்டிருக்கிறன். பட்ட மரத்திலதானே? சிம்மர்ஸ்டுண்டேயில நடக்கப் போறனான், அப்ப காணுறது. என்னெண்டு பேர் தெரியாது."

சிம்மர்ஸ்டுண்டே என்றால் பகல் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே இங்குள்ள சமையல்காரர்களுக்குக் கிடைக்கும் இடைவேளை. நான் மூன்று மாதம் கட்டுரைகளாகப் படித்துத் தேடிய இடத்தை அவர் காகித நாப்கினில் பேனாவால் வரைந்து கொடுத்தார். "பச்சை மரத்தில தேடாதேங்கோ அக்கா. வெள்ளையா நிக்கிற செத்த மரத்தைப் பாருங்கோ. வெயில் படுற பக்கம்."

காலை முழுக்க நான் உயிருள்ள பட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், சனி. கண்டேன்

விடிந்ததும் வானம் துடைத்து வைத்திருந்தது. ஜன்னல் வழியே எதிர்ப்பக்கம் வரிசையாகப் பனிமுடிகள். மாப்பிள்ளை பெயர் சொல்லிக்கொண்டே போனார், நான் காலுறை தேடினேன்.

இடத்தை எழுதப் போவதில்லை. படம் போட்டாலும் பின்னணி தெரியாமல்தான் போடுவேன். ஒடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும் ஆசை எப்படி வரும் என்று இன்று எனக்கே தெரிந்துவிட்டது.

நாப்கின் படத்தில் இருந்த வளைவு, பாறை, அதற்குப் பிறகு ஒரு சரிவு. சரிவில் முழங்கால் வலித்தது, உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். பட்டை முழுக்க உதிர்ந்து வெள்ளி நிறமாக நின்ற ஒரு ஆர்வெ. எலும்பு என்றே சொல்லலாம். மாப்பிள்ளைதான் முதலில் பார்த்தார். "அத்தை, இதுவா? சும்மா பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கே."

இதுதான். தெற்குப் பக்கத்துக் காய்ந்த கிளைகளில் கொத்துக் கொத்தாக. மஞ்சளா பச்சையா என்று சண்டை போடலாம். கிளிப்பச்சை கலந்த எலுமிச்சை நிறம், அலுவலகத்தில் கோடு போடும் ஹைலைட்டர் பேனா மாதிரி. சாம்பல் மரத்தில், நீல வானத்துக்கு எதிரே, யாரோ வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. ஒவ்வொரு கொத்தும் சுண்டுவிரல் நீளம். நேற்றைய ஈரம் இன்னும் அதில் இருந்தது, மெத்தென்று தொங்கியது. தொடவில்லை, கண்ணால்தான் தொட்டேன்.

லென்ஸில் அது வேறு ஊர். கிளைகள் உருண்டை இல்லை, பட்டை பட்டையாகக் கோணலாக, குழி விழுந்து. மேலெல்லாம் பொடி. அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் பூஞ்சை இழையும் கொஞ்சம் பாசியும் சேர்த்து மூட்டை கட்டியிருக்கும். காற்றிலோ மழைத்துளியிலோ பறவைக் காலிலோ போய் விழுந்தால் அங்கே புதுக் குடித்தனம். விதை இல்லை, கல்யாணம் இல்லை. பூஞ்சை பாலினமாகப் பெருகினால் கிண்ணம் போலக் கனியுறுப்பு இருக்கும். ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒரு கிண்ணம்கூட இல்லை. ஐரோப்பாவில் இதற்குக் கிண்ணம் வைப்பது அபூர்வம். இங்கிருப்பவை பெரும்பாலும் ஒன்றின் நகல் மற்றொன்று.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இதே லைக்கன் வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் சாதாரணம், காடு முழுக்கத் தொங்கும். அங்கே டிலிங்கிட் மக்கள் சில்காட் போர்வைக்கு மஞ்சள் சாயம் எடுத்தது இதிலிருந்துதான். 2002-ல் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவில் வகைவகையாக வேறுபாடு, ஐரோப்பாவில் வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே ஐரோப்பிய ஓநாய் லைக்கன் எப்போதோ அங்கிருந்து வந்து குடியேறியதாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் முடிவு. அங்கே புல் மாதிரி மலிந்து கிடப்பது, இங்கே ஒரு பட்ட மரத்தில் பதினோரு கொத்து. எண்ணினேன்.

விஷத்துக்கு வருகிறேன், மாப்பிள்ளை மூன்று முறை கேட்டுவிட்டார். அந்த மஞ்சள் நிறமேதான் விஷம், வல்பினிக் அமிலம். பூஞ்சை அதைத் தயாரித்து மேல்தோலில் அடுக்கிக்கொள்கிறது. கடும் வெயிலிலிருந்து உள்ளே இருக்கும் பாசியைக் காக்கும், மென்று தின்ன வரும் பூச்சியையும் நத்தையையும் விரட்டும். ஸ்காண்டிநேவியாவில் இதைப் பொடித்து, கண்ணாடித் தூள் சேர்த்து, கொழுப்பில் பிசைந்து, செத்த ஆட்டுக்குள் வைத்துக் காட்டில் போடுவார்கள். கண்ணாடி குடலைக் கிழிக்கும், விஷம் ரத்தத்தில் இறங்கும். எதையும் கொல்லாமல் மரத்தில் சும்மா இருக்கும் உயிருக்கு மனிதன் கொடுத்த பெயரைப் பாருங்கள்.

சுவிட்சர்லாந்தில் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஓநாயை ஒழித்துவிட்டார்கள், பெரும்பாலும் துப்பாக்கியாலும் பொறியாலும். நூறு வருடம் கழித்து, 1995-ல், இத்தாலிப் பக்கமிருந்து கணவாய் தாண்டி ஓநாய் தானாக நடந்து வந்தது. அதுவும் இந்த வாலிஸ் மாநிலத்துக்குத்தான். 2012-ல் நாட்டின் கிழக்கே கலாண்டா மலையில் குட்டிகளோடு முதல் கூட்டம். இப்போது ஓநாய் என்ற சொல்லை இந்த ஊரில் உரக்கச் சொல்லக் கூடாது. கேபிள் காரில் ஒரு பெரியவரிடம் 'ஓநாய் லைக்கன்' பார்க்க வந்தோம் என்று மாப்பிள்ளை ஜெர்மனில் சொன்னார். அவர் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது போல. இறங்கும்வரை செம்மறி ஆடுகளைப் பற்றியே பேசினார். கறுப்பு மூக்கு ஆடு வளர்ப்பவராம். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

மதியம் அந்த மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். அப்போதுதான் மாப்பிள்ளை என் இரண்டு மதிப்பெண் கேள்வியில் கை வைத்தார். "இதுல யாருக்கு அத்தை லாபம்? பாசி சமைக்குது, பூஞ்சை சாப்பிடுது. வீடு கொடுத்தேன்னு சொல்லிக்கிறது பூஞ்சைதானே? பாசிகிட்ட யாராவது கேட்டாங்களா?"

இந்தச் சண்டை பழசு, இந்த நாட்டிலேயே தொடங்கியது. 1867-க்கு முன் லைக்கன் ஒரே உயிர், ஒரு வகைத் தாவரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புக்ஸ் என்ற ஊரில் பிறந்த சுவிஸ்காரர் சிமோன் ஷ்வெண்டெனர் அந்த வருடம் எழுந்து, இது ஒன்றில்லை, இரண்டு என்றார். இரண்டு வருடம் கழித்து எழுதியபோது 'கூட்டுறவு' என்றெல்லாம் பூசி மெழுகவில்லை. பூஞ்சை எஜமான், பாசிகள் அடிமைகள், சிலந்தி வலையில் இரை மாதிரி என்றார். லைக்கன் நிபுணர்கள் கொதித்துப்போனார்கள். பாரிஸில் இருந்த ஃபின்லாந்துக்காரர் நைலாண்டர் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்காட்லாந்துப் பாதிரியார் கிராம்பி, கொடுங்கோல் பூஞ்சையிடம் சிறைப்பட்ட பாசிக் கன்னி என்று கிண்டல் செய்தார். அசோகவனக் கதையை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் அதே காட்சி. காலப்போக்கில் இரண்டு என்பது நிலைத்தது. அடிமை என்பது மட்டும் மெல்ல மறைந்து 'இரண்டும் பயனடைகின்றன' என்று பாடப் புத்தகத்துக்கு வந்துசேர்ந்தது. அதைத்தான் நான் வாங்கி விநியோகித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் மாப்பிள்ளையிடம் தப்பித்திருப்பேன். 2016-ல் டோபி ஸ்பிரிபில் என்பவரும் உடனிருந்தவர்களும் பிரையோரியா என்ற இரண்டு தாடி லைக்கன்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று பழுப்பு, வட அமெரிக்கப் பூர்வகுடிகள் வேகவைத்துச் சாப்பிட்டது. மற்றது மஞ்சள், வல்பினிக் அமிலம் நிறைந்தது. இரண்டிலும் பூஞ்சை ஒன்றே, பாசியும் ஒன்றே. பிறகு வித்தியாசம் எங்கிருந்து? தோலுக்குள் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட் இருந்தது, மஞ்சளில் அதிகமாக, பழுப்பில் குறைவாக. 150 வருடம் நுண்ணோக்கியில் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. 2019-ல் ஓநாய் லைக்கனிலேயே தேடினார்கள். அந்த ஈஸ்டோடு இன்னொரு பூஞ்சையும், ட்ரெமெல்லா வகை, தோலுக்குள் இருந்தது. அவை கூட்டாளியா, சும்மா தங்கிப் போகும் ஆளா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

"அப்போ இது ஒண்டுக்குடித்தன வீடு," என்றார் மாப்பிள்ளை. "ஒரு வாசல், நாலு அடுப்பு. யாரு வீட்டுக்காரர், யாரு வாடகைன்னு வெளியில இருந்து பாத்தா தெரியாது."

திருவல்லிக்கேணியில் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர் அவர். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன், விடைக்குறிப்பில் அது இல்லையென்றாலும்.

திரும்பும் வழியில் பனியாறு முழுசாகத் தெரிந்தது. சாம்பல் நிற நெடுஞ்சாலை, நடுவில் இரண்டு கறுப்புக் கோடு. நேற்று நாங்கள் நடந்த மொரைன் வரப்பு அதற்கு மேலே எங்கேயோ உயரத்தில் இருந்தது. அத்தனை ஆழம் வற்றிவிட்டது. பனி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த மலைச்சரிவு இப்போது தாங்க ஆளில்லாமல் நகர்கிறது. மூஸ்ஃப்ளூ பக்கத்தில் 2016 இலையுதிர் காலத்தில் சரிவு வேகமெடுத்துச் சில பாதைகளை மூடவேண்டி வந்தது. மாப்பிள்ளை ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான்.

நான்காம் நாள், ஞாயிறு. ரயிலில் எழுதியது

முழங்கால் வீங்கிவிட்டது. மகள் போனில் இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

கிளம்பும் முன் விடுதிச் சமையலறைப் பின்வாசலில் நின்று வடமராட்சித் தம்பியைக் கூப்பிட்டேன். "கண்டனீங்களோ?" என்றார். பதினோரு கொத்து என்றேன். "அதுக்கும் மேல ஒரு மரம் இருக்கு, அதில இன்னும் கனக்க" என்றார் சர்வ சாதாரணமாக. என்னிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து கல்பாசியில் பாதியை எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். "எங்கட பக்கம் இது போடுறேல்ல. என்ன, மரப்பட்டையோ?" எண்ணெய் காய்ந்ததும் பட்டை கிராம்போடு ஒன்றிரண்டு கிள்ளிப் போடச் சொன்னேன். நீங்கள் நடக்கப் போகும்போது பார்க்கிறீர்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம் என்றேன். "அது நஞ்செல்லோ, அக்கா?" இது நஞ்சில்லை, பயமில்லாமல் போடலாம் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

லோட்ச்பெர்க் சுரங்கத்துக்குள் போனதும் பார்க்க எதுவும் இல்லை. ரயில் பெட்டியில் நல்ல வெளிச்சம். மீதிக் கல்பாசியில் ஒரு துண்டை எடுத்து, தண்ணீர் பாட்டில் மூடியில் நனைத்து, லென்ஸை வைத்தேன். மேலே சாம்பல், அடியில் கறுப்பு, அது தெரிந்ததுதான். ஒரு நிமிடத்தில் சாம்பலுக்குள்ளிருந்து மெல்லிய பச்சை எழும்பியது. சுருண்ட ஓரத்தில் அங்கங்கே கறுப்பு முடி. ஓரம் நெடுகப் பொடி, நேற்று மரத்தில் பார்த்த அதே மாதிரிப் பொடி மூட்டைகள். வருடத்துக்கு ஒரு தடவை வகுப்புக்கு எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறேன், வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெயில் போட்டிருக்கிறேன். லென்ஸும் அதே மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

மாப்பிள்ளை காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார்.

"அத்தை, அது குழம்புல போடுறதுதானே?"

"ஆமா. இந்தாங்க, பாருங்க. கண்ணுகிட்ட வச்சுக்கணும் லென்ஸை, பொருள்கிட்ட இல்ல."

விஸ்பில் ஏறிய அம்மாள் ஒருவர், எதிர் இருக்கையிலிருந்து எங்கள் இருவரையும், பாட்டில் மூடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வருகிறார்.